புத்தகத்துக்கு அடியில் இருந்த வாள்

இது ஊர் சுற்றப் போன பயணம் இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன் இதே வலைப்பூவில் நான் அளந்துவிட்ட ஒரு வரிக்காக, 2019 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் போனேன்.

ராணுவச் சின்னங்கள் மேல் எனக்குள்ள கிறுக்கு பழைய வாசகர்களுக்குத் தெரியும். படைவீரர்களோடு பணியாற்றப் போகும் குருமாருக்கான ஒரு பயிற்சிப் பள்ளியின் சின்னத்தைப் பற்றி 2014இல் எழுதியிருந்தேன். நீலக் கேடயம், விரித்த புத்தகம், அதற்கு அடியில் ஒரு வாள். பல மதத்தவரும் சேர்ந்து படிப்பதால் சிலுவை கிடையாது. அதுவரை சரி. வாளுக்கு என்ன பொருள் என்று எங்கும் கிடைக்கவில்லை. ‘தேவைப்பட்டால் குருவும் ஆயுதம் ஏந்துவார்’ என்று நானாகவே எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஜனவரியில் மரியா என்ற பெண் பிரெஞ்சில் மின்னஞ்சல் அனுப்பினாள். அவளுடைய அண்ணன் குருவானவர். அந்தப் பள்ளியில் சேர்ந்ததும் சின்னத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். அப்பா சூசையப்பு மன்னார்க்காரர், மூத்த மகனை 2009இல் வன்னியில் பறிகொடுத்தவர். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாததால் யாரோ தமிழில் தேடி என் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு பிள்ளையும் ஆயுதம் தூக்கிவிட்டான் என்று அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். மகன் அழைத்தால் தொலைபேசியை எடுக்கவே மாட்டாராம். நான்கு வருடம் அப்படியே போனது. போன நவம்பரில் அந்த மகன் சாலை விபத்தில் இறந்தார். அப்பா இன்னும் கல்லறைக்குப் போகவில்லை, எழுதிய நீங்களே வந்து தப்பு என்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள்.

அந்தப் பள்ளியில் முன்பு கற்பித்த ஒருவரை அதற்குப் பிறகுதான் தேடிப் பிடித்துக் கேட்டேன். வாள் உறைக்குள் இருக்கிறது, அது வீரர்களுடையது, குரு ஆயுதம் எதுவும் எடுப்பதில்லை என்றார். படத்தைத் திரும்பப் பார்த்தேன். உறை பளிச்சென்று தெரிந்தது. முதல் தடவை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

நான் வசிக்கும் லியோனில் காலை 7.04 ரயில், இரண்டு மணி நேரம், 47 யூரோ. பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில் இறங்கி RER D புறநகர் ரயிலைப் பிடித்தால் கார் து நோர் இரண்டாவது நிறுத்தம், 1.90 யூரோ. அங்கிருந்து லா ஷப்பல் பத்து நிமிட நடை. சூசையப்பு வடக்குப் புறநகரான பியர்ஃபித்திலிருந்து அதே ரயில் தடத்தில் எதிர்த்திசையில் வந்திருந்தார். தேநீர்க் கடையில் மரியாவோடு உட்கார்ந்திருந்தார். நான்காக மடித்த என் பக்கம் மேசையில் இருந்தது.

எழுதியது நான்தான், அது பொய் என்று சொன்னேன். படத்தில் உறையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப அவன் துவக்குத் தூக்கேல்லையோ தம்பி?”

“இல்லை ஐயா. ஒரு நாளும் இல்லை.”

மரியா அவர் கையைப் பிடித்து, நாளைக்குக் கல்லறைக்குப் போகலாம் என்று பிரெஞ்சில் சொன்னாள். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

“பிறகு நான் ஏன் அவனோட கதைக்காமல் இருந்தனான்? இனி எந்த முகத்தோட அங்கை போறது?”

அதுவரை அவருக்கு ஒரு காரணமாவது இருந்தது, அதையும் நான் பிடுங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஓம் என்றார், வேறு எதையோ ஒப்புக்கொள்வது போல. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

லா ஷப்பல் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டம் தாங்காது, பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். என்னைப் போல எழுதுகிறவர்களுக்கு: ஒன்றின் பொருள் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். நம்மைப் படிப்பவர் வேறு எதையும் படிக்க வழியில்லாதவராக இருக்கலாம்.

பழைய பதிவை நீக்கிவிட்டேன். கிளம்பும்போது அந்தத் தாளையும் கேட்டேன். என்னட்டையே இருக்கட்டும் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.