அவள் பெயர் எழுதிய முட்டை

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. கோவிலம்பாக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். முட்டைக்குள் உயிர் எப்படி வளர்கிறது என்று புத்தகத்தைப் படித்துக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கண்ணாலேயே பார்க்கட்டும் என்று முட்டை பொரிக்க வைக்கும் ஓர் இன்குபேட்டர் பெட்டியையும் பத்து நாட்டுக்கோழி முட்டைகளையும் வகுப்பிலேயே கொண்டுவந்து வைத்தேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பிள்ளையின் பெயரைப் பென்சிலால் எழுதினோம்.

அதில் ஒரு பெயர், பக்கத்தில் அடுக்குமாடி கட்ட விழுப்புரம் பக்கமிருந்து வந்திருந்த தம்பதியின் மகளுடையது. வகுப்பில் வாயே திறக்காதவள். முட்டை வந்த நாளிலிருந்து தினமும் முதல் ஆளாக வந்து, பெட்டிக்குள் ஈரம் காயாமல் இருக்க அதன் தட்டில் தண்ணீர் ஊற்றுவாள்.

இருபத்தோராம் நாள் வகுப்பே அமர்க்களப்பட்டது. மதியத்துக்குள் ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. அவளுடைய முட்டை மட்டும் அப்படியே கிடந்தது. அவளுக்கோ அதுதான் பள்ளியில் கடைசி நாள். அப்பாவுக்கு வேறு இடத்தில் வேலை.

முட்டையைக் காதோரம் வைத்து, "உள்ள சத்தம் கேக்குது மிஸ்" என்றாள்.

"அது மிஷின் ஃபேன் சத்தம்மா. இதுல உயிர் இல்ல" என்றேன், எல்லோர் முன்னாலும். வாங்கி என் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வச்சிருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, பெட்டியைத் துடைக்கலாம் என்று திறந்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஓடு விரிசல் விட்டு, அலகின் நுனி எட்டிப் பார்த்தது. உடனே அவள் அப்பாவுக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மதிய இடைவேளையில் ஸ்கூட்டியில் அந்த அடுக்குமாடி சைட்டுக்கே ஓடினேன். அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகள் காலி.

"காலீலயே லாரில ஏறிப் போய்ட்டாங்க டீச்சர். எந்த சைட்டுனு தெர்லயே" என்றார் வாட்ச்மேன்.

குஞ்சைப் போட்டோ எடுத்து அவள் அப்பாவின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இன்றுவரை ஒற்றை டிக்கோடு நிற்கிறது. டி.சி. வாங்கவாவது வருவார்கள் என்று அந்த வருடம் முழுக்க வாசலைப் பார்த்திருந்தேன். யாரும் வரவில்லை. இப்போதும் மேடவாக்கம் பக்கம் போகும்போது, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களின் அடியில் விளையாடும் பெண் பிள்ளைகளின் முகத்தைத் தேடுகிறேன்.

அவள் கேட்டது உண்மையான சத்தம்தான் என்று ஒரே ஒரு முறை அவளிடம் சொல்ல வேண்டும். தன் காதையே நம்பக்கூடாது என்று நினைத்தபடி அவள் எங்கோ வளர்ந்துகொண்டிருப்பாளோ என்பதுதான் என்னை இன்னும் விடாத பயம்.