செத்த சிவப்பு

கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் கொள்ளு. முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்பதால் வந்த பெயர். எள்ளை விட்டுவிட்டுக் கொள்ளை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் கேட்டதில்லை. அந்தக் கூட்டத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

பாட்டில் பானம் தயாரிக்கிற கம்பெனி அது. முன்னால் லாரிகள் நிற்கிற முற்றம், உள்ளே சர்க்கரைப் பாகு கொதிக்கிற தொட்டிகள், அவற்றைத் தாண்டிக் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறை அவளுடையது. வேதியியல் படித்துவிட்டு வந்து, பானங்களுக்கு நிறம் கூட்டியே பாதி ஆயுளைக் கரைத்திருந்தாள். ஜனங்கள் நாக்கால் குடிப்பதில்லை, கண்ணால்தான் குடிக்கிறார்கள் என்பதை வேலைக்கு வந்த புதிதிலேயே கண்டுகொண்டாள். நிறம் சேர்க்க மறந்துபோய்க் கடைகளுக்குப் போன ஆரஞ்சுப் பானத்தை, "சப்புனு இருக்கு, தண்ணி கலந்துட்டீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அதே சரக்கில் நிறத்தை மட்டும் சேர்த்து மறுபடி அனுப்பினாள். "இப்பதான் பழ ருசி சரியா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். மனுஷ ஜாதியின் மேல் கொஞ்சநஞ்சம் இருந்த மரியாதையும் அவளுக்கு அன்றோடு போயிற்று.

முதலாளி, அப்பா வைத்துவிட்டுப் போன கம்பெனி தன் மூளையால்தான் ஓடுகிறது என்று நம்புகிறவர். எங்கோ ஒரு பொருட்காட்சிக்குப் போய்விட்டு வந்தவர், நேரே அவள் அறைக்குள் நுழைந்தார். கூடவே விற்பனையைக் கவனிக்கிற மருமகனும் வந்தான். மாமனார் சிரித்தால் சிரிப்பான், அவர் தும்மினால் கைக்குட்டை எடுப்பான்.

"ஏம்மா, இனிமே நம்ம கம்பெனியில செயற்கைச் சாயம் கிடையாது. எல்லாம் செடிகொடியில இருந்து வர்ற நிறம்தான். சிவப்புப் பானத்துக்கு பீட்ரூட் போட்டுடு."

"பீட்ரூட் வேணாம் சார். சூடும் வெளிச்சமும் அதுக்கு ஆகாது. நாம பாட்டிலைச் சுடவைச்சு மூடறோம், கடைக்காரங்க வெயில்ல அடுக்கி வைக்கிறாங்க. பழுப்பாயிடும். கருப்பு கேரட்ல எடுத்த சாயம் போடலாம். புளிப்பான பானத்துல அது சிவப்பாவே நிக்கும்."

"கருப்பு கேரட்டைப் போட்டா கருப்பாதானேம்மா வரும்?"

கொள்ளு கண்ணை மூடித் திறந்தாள். "வராது சார்."

"எங்க வீட்ல பீட்ரூட் நறுக்குனா கையில ஒட்டுன சிவப்பு எத்தனை தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. அதைப் போய் நிக்காதுங்கறியே."

"மேடம் எதையுமே முடியாதுன்னுதான் ஆரம்பிப்பாங்க மாமா" என்றான் மருமகன்.

"கையை யாரும் கொதிக்க வைக்கிறதில்லை" என்றாள் அவள். இருவருக்கும் அது விளங்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று விட்டுவிட்டாள். "நான் சொல்லிட்டேன் சார். பின்னாடி என்னைக் கேக்காதீங்க" என்பதோடு சரி.

பீட்ரூட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. சூடு காட்டாமல் மாதிரிக்குச் செய்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துத் தன் மனைவிக்கும் சம்பந்திக்கும் காட்டி முதலாளி பூரித்துப்போனார். மாணிக்கம் மாதிரி இருந்தது என்பதை அவளாலும் மறுக்க முடியாது. குளிர்பெட்டிக்குள் எல்லாமே மாணிக்கம்தான்.

மற்றதெல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. சூட்டில் பாதி நிறம் போயிற்று, மீதியை வெயில் தின்றது. கடைகளில் வரிசையாக நின்ற பாட்டில்கள் ஒன்று துருப்பிடித்த ஆணி நிறத்திலும், ஒன்று பழைய டீத்தண்ணி நிறத்திலும், இன்னொன்று சொல்லக் கூசுகிற நிறத்திலும் மாறின. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பினார்கள்.

வீட்டிலும் இதே பாட்டுதான். கணவனின் அக்கா மாடி வீட்டில் இருந்தாள். பழைய சிவப்புப் பானத்தை, "இத்தனை சாயத்தைக் கொட்டி ஊரைக் கெடுக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?" என்று தொடவே மாட்டாள். இப்போது பீட்ரூட் பாட்டிலை அவளே வாங்கி வந்து, கீழே கொள்ளுவின் மேஜையில் வைத்தாள்.

"என்னடி இது, சாக்கடைத் தண்ணி மாதிரி? கெட்டுப்போனதையெல்லாம் விக்கறீங்களா?"

"கெடலை அக்கா. பீட்ரூட்டோட நிறம் செத்துப்போச்சு, அவ்வளவுதான். குடிச்சா ஒண்ணும் ஆகாது."

"செத்ததை நீயே குடி."

கொள்ளுவின் கணவன் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எடுத்த ஒரே முடிவு அது.

கம்பெனியில் கிடங்கு நிறையப் பழுப்புப் பாட்டில்கள். முதலாளி தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். கொட்டிவிடச் சொல்வார், அப்புறம் கருப்பு கேரட்டுக்கு வருவார் என்று அவள் நினைத்தாள். வாழ்க்கையில் அவள் அடுத்தவர் புத்தியை நம்பிய சில தருணங்களில் அதுவும் ஒன்று. மருமகனுக்கு யோசனை வந்தது.

"மாமா, குடிச்சா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மேடமே சொல்றாங்க. அப்போ மோசம் நிறம் இல்லை, பாட்டில் மேல ஒட்டின பேர்ச் சீட்டுதான். சிவப்புப் பானம்னு ஒட்டினதாலதானே சிவப்பு எங்கேன்னு கேக்கறான்? 'வேர்'னு ஒட்டுவோம். மண்ணோட நிறம், வேரோட ருசி. பீட்ரூட் வேர்தானே?"

அவன் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, பழுப்புக் காகிதத்தில் ஒரு இலைப் படம் போட்ட சீட்டை ஒட்டினார்கள். பெட்டி பெட்டியாகத் திருப்பிய அதே கடைக்காரர்கள் இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு என்று ஆளனுப்பினார்கள். மாடியிலிருந்து நாத்தனாரும் இறங்கி வந்தாள், கையில் பாட்டிலோடு.

"குடிச்சா நெஞ்செரிச்சல் இருந்த இடம் தெரியலை. பாத்தாலே தெரியுது, சுத்தமான சரக்குன்னு. இப்பதான் உங்க கம்பெனி உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கு."

"நீங்க சாக்கடைத் தண்ணின்னு சொன்ன அதே பானம்தான் அக்கா."

"உனக்கு நல்லதை நல்லதுன்னு ஒத்துக்கவே வாய் வராதே" என்றாள் நாத்தனார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நல்லாதான் இருக்கு" என்றது ஒரு குரல்.

தொல்லை அப்புறம்தான் ஆரம்பித்தது. வெயில் பட்டு வந்த பழுப்பு, பாட்டிலுக்குப் பாட்டில் மாறியது. எல்லாம் ஒரே பழுப்பாக வேண்டும் என்றார் முதலாளி. உலகத்தில் நிறம் கூட்டுகிறவர்கள் எல்லாம் நிறத்தைக் காப்பாற்ற மண்டையை உடைத்துக்கொள்ள, அவள் மட்டும் நிறத்தை ஒழுங்காகக் கொல்ல வழி தேடினாள். சாற்றைத் தனியே கொதிக்கவிட்டுச் சிவப்பைச் சாகடித்து, அந்தப் பிணத்தைப் பாகில் கலந்தாள். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. அச்சில் வார்த்த மாதிரி ஒரே பழுப்பு வந்தது. அவளை நிறப் பிரிவுக்குத் தலைவி ஆக்கினார்கள். வேண்டாமென்று அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பேராசிரியர் வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று முதலாளி முழங்கினார். எத்தனையோ வருஷ ஆராய்ச்சியாம்; இயற்கை தன் ரகசியத்தை அவரிடம் சொன்னதாம். பேராசிரியர் கொள்ளுவின் பக்கம் திரும்பினார்.

"இந்த நிறத்தை எப்படிம்மா பிடிச்சீங்க?"

"பீட்ரூட் போட்டா பழுப்பாயிடும்னு சொன்னேன். கேக்கலை. போட்டாங்க. பழுப்பாயிடுச்சு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளிதான் அதிகம் சிரித்தார். "எங்க மேடத்துக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்றார். பொய்யை உண்மை என்று நம்புகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். உண்மையை நகைச்சுவை என்று ரசிக்கிறவர்களை அன்றுதான் பார்த்தாள். பேராசிரியர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

வந்த கோபத்தில், மறு வாரமே கருப்பு கேரட் சாயம் கொஞ்சம் வரவழைத்தாள். அளவு பார்த்து, புளிப்புப் பார்த்து, சுடவைத்து, மூடி, முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைத்தாள். போகிற வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நாட்கள் போயின, சிவப்பு அசையவில்லை. முழுக்க முழுக்கச் செடியிலிருந்து வந்த, வெயிலுக்கும் சூட்டுக்கும் பயப்படாத சிவப்பு. பாட்டிலை முதலாளி மேஜையில் வைத்தாள். மருமகனும் இருந்தான்.

முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார். "என்னம்மா, மறுபடி சாயத்துக்குப் போயிட்டியா?"

"இது கேரட் சார். நீங்க முதல்ல கேட்ட செடிகொடிச் சிவப்பு இதுதான்."

"கேரட்டாவே இருக்கட்டும். பாத்தா அப்படித் தெரியலையே. இத்தனை சிவப்பா இருந்தா எவன் இயற்கைன்னு நம்புவான்?"

"கொஞ்சம் பழுப்பு கலந்தா வேணும்னா பார்க்கலாம் மேடம்" என்றான் மருமகன்.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பீட்ரூட் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு டம்ளரில் சிவப்பை ஊற்றி நின்றபடியே குடித்தாள். ருசி ஒன்றும் பிரமாதமில்லை. சர்க்கரை ஒரு கரண்டி கூடிப்போயிருந்தது. இவ்வளவு பாடுபட்டு நிறத்தைப் பார்த்தவள் ருசியைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பீட்ரூட் தொட்டியருகே நின்றவர்களிடம் போய்ச் சூட்டைக் கூட்டச் சொன்னாள்.