ஆறடி பத்தங்குலம்

காரைக்குடியில் ஒரு மரவாடிக்கு நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தது தொண்ணூறுகளின் நடுவில். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலம். ஆசாரிமார் சொல்லும் அளவுகளை அடித்தால், மரம் எத்தனை கன அடி என்று கணக்குப் போட்டு, அறுவை மிஷினில் நிற்பவருக்கு ஒரு சீட்டும் அச்சடித்துத் தர வேண்டும். அவ்வளவுதான். மூன்று மாதம் எழுதினேன். முதலாளி கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஆரம்பித்தார்.

ஒரு மாதம் எந்தப் புகாரும் வரவில்லை. நான் எழுதியதில் பிழையே இல்லை என்ற மிதப்பில் திரிந்தேன்.

ஒரு நாள் காலையில் முதலாளி என் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், மிஷினுக்குப் பக்கத்தில் எட்டுத் தேக்கு நிலைக்கால்கள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார். என் தலைக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை.

"என்ன தம்பி, இப்படிப் பண்ணிப்புட்டீக? வலையபட்டியில புது வீடு கட்டுறாக. வாசல் நிலை ஆறடி பத்தங்குலம். ஒங்க கம்ப்யூட்டரு ஆறடி ஓரங்குலம்னு சீட்டுக் குடுத்திருக்கு. வீட்டுக்கு வர்றவுக எல்லாம் குனிஞ்சா போவாக?"

அறுவை மிஷின்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எனக்கும் சந்தேகந்தேன். கையால எழுதுன சீட்டா இருந்தா வந்து கேட்டிருப்பேன். அச்சடிச்சு வந்ததைப் போயி எப்படிக் கேக்குறது?"

கம்ப்யூட்டரில் உட்காரும் பெண் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு நேராக இந்த வேலைக்கு வந்தவள். என்ன அடித்தாய் என்று கேட்டேன்.

"ஆறு புள்ளி பத்து. வேற எப்படி அடிக்கிறதாம்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கம்ப்யூட்டருக்கு ஆறு புள்ளி பத்தும் ஆறு புள்ளி ஒன்றும் ஒன்றுதான். ஆறடியும் ஓர் அடியில் பத்தில் ஒரு பங்கும், அதாவது ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பத்தங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஆறு புள்ளி எட்டு மூன்று என்று அடித்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த அன்றே சொன்னேன். கையேட்டிலும் எழுதி, கீழே கோடு போட்டிருந்தேன்.

"வகுத்து அடிக்கச் சொன்னேன்ல?"

"ஆசாரி முன்னால நின்னுக்கிட்டு இருபது அளவைக் கடகடன்னு சொல்றாரு. நான் ஒவ்வொண்ணையும் வகுத்துக்கிட்டு இருக்கவா? வகுக்கத்தானேண்ணே கம்ப்யூட்டரு வாங்குனாக?"

"சரியான்னு திரையில ஒரு கேள்வி வருமே, அதையாவது பார்க்கக் கூடாதா?"

"ஒவ்வொரு வரிக்கும் அதே கேள்விதான் வருது. யாரு படிப்பா? தட்டிவிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

நான் முதலாளி பக்கம் திரும்பி, தப்பு, அளவை அடித்தவள் மேல்தான், புரோகிராம் மேல் இல்லை என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"ஆசாரி வீட்டுப் புள்ளதானே நீங்க?" என்றார் அவர். "ஒங்க வீட்டுல யாராச்சும் ஆறு புள்ளி எட்டு மூணுன்னு அளவு சொல்லிக் கேட்டிருக்கீகளா?"

கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அடி, அங்குலம், அதற்குக் கீழே நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். அறுப்பவருக்குப் புரிய வேண்டுமென்று, சீட்டில் மட்டும் அடி, அங்குலம், நூல் என்றே அச்சடிக்க வைத்திருந்தேன். அடிப்பவளைத்தான் மறந்துவிட்டேன்.

பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதமாக அங்குலம் சேர்ந்த எல்லா அளவும் தப்பு. ஒன்பது அங்குலம் வரைக்கும் மரம் கொஞ்சம் நீளமாகவே வந்திருந்தது; ஆறு புள்ளி ஒன்பது என்றால் கம்ப்யூட்டருக்கு ஆறடி பத்தே முக்கால் அங்குலம். ஆசாரிமார் முனகிக்கொண்டே வெட்டி எறிந்திருக்கிறார்கள். பத்தும் பதினொன்றும் வந்தால்தான் குட்டை; அது இப்போதுதான் முதல் தடவை வந்திருந்தது. என் புரோகிராம் நன்றாக ஓடியதால் அல்ல, வாயைத் திறந்து சொல்ல ஆள் இல்லாததால்தான் புகார் வரவில்லை.

மூன்று நாள் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை. மூச்சு முட்டியது. நான் பார்த்துப் பார்த்து வைத்த மெனுக்களில் பாதியை அவள் தொடவே இல்லை. அளவைத் தப்பாக அடித்தால், திருத்த வழி தெரியாமல் முழுப் பட்டியலையும் முதலிலிருந்து அடித்தாள். அந்த வழி நாலு திரை தள்ளி இருந்தது. வைத்தவன் நான்தான்.

திரும்ப எழுதினேன். அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று. அங்குலத்தில் பன்னிரண்டு அடித்தால் வாங்காது. வரிக்கு வரி கேள்வி கிடையாது. கடைசியில் முழுப் பட்டியலும் திரையில் வரும். அவள் அதை ஆசாரிக்குச் சத்தமாக வாசிப்பாள். அவர் தலையாட்டினால்தான் அச்சு. எழுத ரெண்டே ராத்திரிதான் ஆனது. எரிச்சலே அதுதான். முதலிலேயே ஸ்டூல் போட்டிருந்தால் எட்டுத் தேக்குக் கால் மிஞ்சியிருக்கும்.

"இப்ப நல்லாருக்குண்ணே," என்றாள் அவள். நான் பெருமையாக முதலாளியைப் பார்த்தேன்.

அவர் ஒரு சுருட்டிய வரைபடத்தைப் பிரித்து மேஜையில் போட்டார். "மதுரை எஞ்சினீயரு கொண்டாந்தாரு. இதுல எல்லாம் மில்லிமீட்டருலதானே இருக்கு. இதை எங்குட்டு அடிக்கிறது, தம்பி?"