இரண்டு விரல் தூரம்

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் லோஜினி, தன் கணவன் பிரதாப் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலைக்காக ஒரு கருவி செய்தாள். கொழுந்து வாட்டும் மாடியில் காற்றின் ஈரத்தை அளந்து காட்டும் கருவி அது. அதன் சர்க்யூட் போர்டையும் அவளே வரைந்திருந்தாள்.

கடையில் ஒழுங்காக ஓடிய கருவி, மாடியில் பெரிய விசிறியைப் போடும்போதெல்லாம் அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

"சிப்பு பழுதா?" என்றான் பிரதாப்.

"சிப்பு நல்லாத்தாங்க இருக்கு."

விசிறி கிளம்பும்போது மின்சாரம் ஒரு கணம் தடுமாறும். அப்போது சிப்புக்குக் கைகொடுக்க, கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். அவளும் வைத்திருந்தாள். ஆனால் வசதியாக இருக்கிறதென்று சிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, போர்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள். அவ்வளவு வேகமாகப் பாயும் மின்சாரத்துக்கு இரண்டு விரல் இடைவெளி ஒரு தூரமா? அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

இருந்தாலும் மாடியிலேயே அதைக் கழற்றி, சிப்பின் உலோகக் காலை ஒட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பிரதாப் விசிறியைப் போட்டான். திரையில் எண்கள் அசையாமல் நின்றன.

உடனே அவள் கெப்பாசிட்டரைக் கழற்றிப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நல்லா வேல செய்றத ஏன் கழட்டுற?"

"இதனாலதான் சரியாச்சான்னு பாக்கணுங்க. போடுங்க."

விசிறி சுழன்றது. திரை அணைந்தது. லோஜினி வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுபடி சிப்பை ஒட்டி வைத்து, கருவியைச் சுவரில் மாட்டினாள். மாடிப்படி இறங்கும்போது, "ஒரு விரல் தள்ளி வச்சா என்னாகுங்க?" என்று கேட்டாள்.

"வேற போர்டுல பாரு," என்றான் பிரதாப்.