எருக்கிலை மட்டும்

புழுவுக்கு இலை பறித்துப் போடும் நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று அன்றைக்கு எனக்கு என்ன எரிச்சல் வந்தது! இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மருமகள் மண்ணச்சநல்லூர்ப் பெண். பையன் தானே பார்த்துப் பண்ணிக்கொண்ட கல்யாணம். போன தை மாதம் ஸ்ரீரங்கத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஸ்கூலில் அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்குக் காட்ட நான்கு புழுக்களை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். கறுப்பும் மஞ்சளுமாக வரிவரியாய் இருக்கும். எருக்கஞ்செடியில் பிடித்தவை. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மூன்று நாள் ஊருக்குக் கிளம்பியபோது என்னிடம் ஒப்படைத்தாள்.

"அத்தை, தினம் புது எருக்கிலை போட்டாப் போதும். வேற எதையும் தொடாதுங்க. தெருக்கோடி காலி மனையில நிறைய இருக்கு."

"சரி சரி, போயிட்டு வா" என்றேன்.

எனக்கு வேலை சொல்கிறாளா? அதுவும் தெருவே பார்க்கப் புழுவுக்கு இலை பறிக்க! வாசலில்தான் அரளி இருக்கிறதே. அதிலும் பால், அதுவும் விஷம். புழுவுக்கு என்ன பெரிய வித்தியாசம் தெரிந்துவிடப் போகிறது என்று நாலு இலையைக் கிள்ளிப் போட்டேன்.

புழுக்கள் இலைமேல் ஏறின. தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு இறங்கின. மறுநாளும் இலை பறித்தபடியே கிடந்தது.

"என்னம்மா, ஒண்ணுமே சாப்பிடலையே?" என்றான் பையன்.

"பசிச்சா தானா திங்கும், போடா."

அவள் திரும்பி வந்த அன்று மூன்று புழுக்கள் சுருண்டு கிடந்தன. ஒன்று மட்டும் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அரளி இலையை எடுத்துப் பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரே வெளியே ஓடினாள். பால் சொட்டச் சொட்ட எருக்கிலையோடு வந்தாள். மிச்சமிருந்த புழு மெல்ல ஏறிக் கடிக்க ஆரம்பித்தது.

"யாரும் தன்னைக் கடிக்கக் கூடாதுன்னுதான் அத்தை செடி பால்ல விஷம் வெச்சிருக்கு. ஆடு மாடு கிட்டப் போகாது. இந்தப் புழு மட்டும் அந்த விஷத்துக்குப் பழகிடுச்சு. உடம்புல சேத்துக்கூட வெச்சுக்கும், அப்புறம் குருவி இதைத் தொடாது. அரளி விஷம் வேற. அதைச் சாப்பாடுன்னே இதுக்குத் தெரியாது."

"பசிச்சா தின்னுடும்னு நினைச்சேன்டி."

நிமிர்ந்து பார்த்தாள். "என்னையும் அப்படித்தானே அத்தை சொன்னீங்க?"

ஆமாம். சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவள், வந்த புதிதில் தட்டில் பாதியை அளைந்துவிட்டு எழுந்துபோவாள். வேறு ஏதாவது பண்ணக் கூடாதா என்று பையன் கேட்டதற்கு, "பசிச்சா தானா திங்கட்டும்" என்றேன். திங்கட்டும்! மாட்டைச் சொல்வதுபோல. உள்ளே இருந்தவள் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை மாதமும் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். சே, நானெல்லாம் ஒரு பெரிய மனுஷி!

மறுநாள் காலை நானே காலி மனைக்குப் போனேன்.

"என்ன மாமி, பிள்ளையாருக்கா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"புழுவுக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து இலையைப் போட்டுவிட்டு அவளிடம் கேட்டேன். "இன்னைக்கு உனக்குப் பிடிச்சதைச் சொல்லு, பண்றேன். பூண்டு போட்டாலும் பரவாயில்லை."

டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"வேண்டாம் அத்தை. எனக்குப் பழகிடுச்சு."