நாலா வெட்டின நாவல்

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா தூக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். மனுஷன் ஷூவைக் கழட்டும்போதே தூங்கறவரு. ஒண்ணு கழண்டு கிடக்கும், இன்னொண்ணு கால்லயே இருக்கும், தலை தொங்கிப் போயிடும். நான் டீயை கையில வச்சுக்கிட்டு "ஏங்க, ஏங்க"ன்னு காக்கா மாதிரி கத்திக்கிட்டு நிக்கணும்.

அவருக்கு ஒரு குளிர்பதனக் கிடங்குல ராத்திரி வேலை. மீனையும் கறியையும் பெட்டி பெட்டியா உறைய வச்சிருக்கற பெரிய கிடங்கு, அதோட கேட்டுல காவலாளி. எனக்கு ஒரு ஹோட்டலோட சலவைப் பிரிவுல பகல் வேலை. துவைச்ச படுக்கை விரிப்பை ரெண்டு பேரா ஆளுக்கொரு முனை பிடிச்சு, சூடா சுத்தற உருளைக்குள்ள சுருக்கம் விழாம கொடுக்கணும். நாள் முழுக்க நின்னுக்கிட்டே. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கறப்போ காலு யாருதோ மாதிரி இருக்கும். அவர் உள்ளே வர்ற நேரம்தான் நான் வெளியே கிளம்பற நேரம். சாயங்காலம் நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள அவர் கிளம்பிப் போயிருப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வார லீவு வாங்க தலைகீழா நின்னு பாத்தாச்சு, நடக்கல. ஆக, எங்க குடித்தனம் மொத்தமும் காலையில ஒரு டீ ஆறற நேரத்துக்குள்ள நடக்கறதுதான்.

அதுக்குள்ள என்ன பேசறது, சொல்லுங்க. கரண்ட் பில்லு, ஒழுகற குழாய், வெளியூர்ல இருக்கற பொண்ணு போன் பண்ணாளா இல்லையா. அதைப் பேசி முடிச்சா எரிச்சல்தான் மிஞ்சும். அதனால நாங்க நாவல் பேசினோம்.

புதுசா வந்த நாவல்தான் வேணும் எங்களுக்கு. பழசுன்னா கிடங்குல எவனாவது ஒரு புண்ணியவான் படிச்சிருப்பான், முடிவைப் போட்டு உடைச்சிட்டுப் போயிடுவான். புதுசுல அந்தத் தொல்லை இல்ல. கொலையோ, பேயோ, காதலோ, ராஜா காலமோ, விண்வெளியோ, கடையில புது வரவுன்னு எது அடுக்கியிருக்கோ அதுல ஒண்ணு. மாசத்துக்கு ஒரு புத்தகம். அவருக்குப் பேய்க் கதைன்னா உயிரு. ராஜா கதையில போர் வந்தா பக்கத்தைத் தள்ளிடுவாரு, விருந்து வந்தா திருப்பித் திருப்பிப் படிப்பாரு. காதல் கதைன்னா மூக்கை உறிஞ்சுவாரு, கேட்டா ஜலதோஷம்பாரு. கேட்டுல எப்பவும் புத்தகமும் கையுமா இருக்கறதால கிடங்குல அவருக்குப் பேரே வாத்தியார்தான்.

புத்தகம் ஒண்ணு, பை ரெண்டு. என்ன பண்றது? ரொட்டி வெட்டற கத்தியால முதுகோட நாலா பிளந்துடுவேன். முதல் கால்வாசியை நான் படிச்சு முடிச்சு அவர் பையில வச்சிட்டு, ரெண்டாவதை நான் எடுத்துக்குவேன். மிச்சப் பகுதி அலமாரியில இருக்கும். இப்படியே போகும். என் நாத்தனார் ஒருநாள் நான் வெட்டறதைப் பாத்துட்டு, "படிச்சுப் படிச்சுப் பைத்தியம் பிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன் அண்ணி, இப்பத்தான் நேர்ல பாக்கறேன்"னா. போடி உன் வேலையைப் பாத்துக்கிட்டுன்னேன்.

காலையில அவர் உள்ளே நுழைஞ்சதும் என் முதல் கேள்வி, "யாரு மேலங்க சந்தேகம்?" கொலைக்கதையா இருக்கணும்னு இல்ல, எல்லாக் கதைக்கும் அதேதான். அவர் துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் பேய் மாதிரியே நடந்து காட்டுவாரு. ராணி பேசற மாதிரி என்கிட்ட டீ கேப்பாரு. நான் பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கையில படிக்கறவ, இவரு ராத்திரி முழுக்க ஹீட்டர் பக்கத்துல உக்காந்து படிக்கறவரு. எனக்குப் பொறாமை. "ஈ ஓட்டறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு நீங்கதான்"னு தினமும் ஒரு தடவையாவது சொல்லாம கிளம்பமாட்டேன்.

குளிர்காலத்துக்கு அப்புறம் பதில் சுருங்க ஆரம்பிச்சுது. "ஆமா", "நானும் அதேதான் நெனச்சேன்", "பாவம் அந்தப் பொண்ணு". பேயும் இல்ல, ராணியும் இல்ல. புத்தகம் சரியில்லையோன்னு நெனச்சேன். அப்புறம், என்கூடப் பேசவே அலுத்துப்போச்சோன்னு நெனச்சேன். அந்த டீ நேரமும் போச்சுன்னா நாங்க ஒரே வீட்டுல வாடகைக்கு இருக்கற ரெண்டு பேரு, அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள்ள பயம் வந்துடுச்சு. சொல்லத்தான் தெம்பு இல்ல.

அந்த மாசம் கொலைக்கதை. மலைமேல ஒரு விடுதி, அங்க தங்கியிருக்கற ஒரு கிழ டாக்டர் மேல எல்லாருக்கும் சந்தேகம். ரெண்டாவது பகுதியை முடிச்சு அவர் பையில வச்சேன். தினமும் அதைப் பத்திப் பேசினோம். "டாக்டர்தான், வேற யாரு"ன்னு அடிச்சுச் சொன்னாரு. நான் மூணாவது பகுதிக்குப் போனா டாக்டரையே யாரோ கொன்னுட்டாங்க. வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

என் லீவு நாள் வந்துச்சு. அவர் உள்ளே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறாரு. நாலாவது பகுதியைப் படிச்சுடலாம்னு அலமாரியைத் திறந்தா, அங்க இருக்கு ரெண்டாவது பகுதி. அவசரத்துல மாத்தி வச்சிருக்கேன். அப்போ இத்தனை நாளா அவர் பையில இருந்தது நாலாவது. அதுல டாக்டரைப் புதைச்சே முடிச்சிருப்பாங்க. ஒரு பக்கம் புரட்டியிருந்தாக்கூட "என்னடி, டாக்டர் எப்போ செத்தாரு?"ன்னு வாசல்லயே கேட்டிருப்பாரே.

எனக்கு வந்துச்சே கோபம். எனக்கே காது குத்தியிருக்காரு மனுஷன். எழுப்பி நாலு கேள்வி கேட்டாத்தான் ஆச்சுன்னு, ஆதாரத்துக்கு அவர் பையைத் திறந்தேன். பகுதி நாலு ஈரத்துல ஊறி, உப்பி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடக்கு. அதுக்கு மேல தடிமனா ஒரு ஜோடி கையுறை, உள்ளங்கை தேஞ்சுபோய். கூடவே இடுப்புல இறுக்கிக் கட்டற அகலமான பட்டை. கேட்டுல ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருக்கறவருக்கு இதெல்லாம் எதுக்கு? கோபம் எங்க போச்சுன்னு தெரியல. அப்படியே உக்காந்துட்டேன்.

சாயங்காலம் எழுந்து வந்தாரு. மேஜை மேல கையுறையைப் பாத்தாரு. பொய் சொல்லல, பாவம். கேட்டைத் திறக்க மிஷின் போட்டுட்டாங்களாம். காவலுக்குக் கேமரா போதுமாம். பெட்டி ஏத்தி இறக்கறதுன்னா இரு, இல்லேன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்களாம். குளிர்காலம் முடிஞ்சதுலேர்ந்து மீனை உறைய வைக்கற அறைக்குள்ளதான் வேலை. ஓய்வு நேரத்துல புத்தகத்தை எடுத்தா ரெண்டு வரிக்கு மேல கண்ணு நிக்கலையாம். இந்த வயசுல, அந்த முதுகை வச்சுக்கிட்டு.

அப்போ தினமும் எப்படிங்க பதில் சொன்னீங்கன்னு கேட்டேன். "நீ கேள்வி கேக்கறப்பவே பாதிக் கதையைச் சொல்லிடுவ. மீதி உன் மூஞ்சியைப் பாத்தா தெரிஞ்சுடும்"னாரு. சிரிச்சுட்டேன். சிரிச்ச கையோட அழுகையும் வந்துடுச்சு. பேயும் காதலும் ராஜாவும், இத்தனை மாசமும் நான் தனியாத்தான் படிச்சிருக்கேன்.

என்கிட்ட சொல்றதுக்கு என்னன்னு கேட்டேன்.

"சொல்லியிருந்தா காலையில நாம பெட்டியைப் பத்தியும் முதுகைப் பத்தியும்தான் பேசியிருப்போம்"னாரு. "யாரு மேல சந்தேகம்னு நீ கேப்பல்ல, அந்த ஒரு நேரம் மட்டும் நான் இன்னும் கேட்டுலதான் உக்காந்திருக்கேன். அதையும் நிறுத்திடாத."

சட்டையைக் கழட்டச் சொல்லி முதுகைப் பாத்தேன். பட்டை அழுத்தின இடம் ரெண்டு வரியா கன்னிப்போயிருந்துச்சு. தைலம் தேச்சுவிட்டேன். வேலையை விட்டுடுங்கன்னு நானும் சொல்லல, விட்டுடறேன்னு அவரும் சொல்லல. ரெண்டு பேருக்கும் தெரியும் முடியாதுன்னு. கையுறையைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

அடுத்த மாசம் விண்வெளிக் கதை ஒண்ணு புதுசா வந்துச்சு. வாங்கினேன். படிக்கக் கொஞ்சம் அலுப்பாத்தான் இருந்துச்சு, ஆனாலும் முதல் பகுதியைப் பஸ்லயே முடிச்சு அவர் பையில வச்சேன். மறுநாள் காலையில டீயை அவர் கையில கொடுத்துட்டு, "ஏங்க, அந்தக் கப்பல் பூமிக்குத் திரும்பி வரும்கறீங்களா?"ன்னு கேட்டேன்.

டீயை ஊதறதை நிறுத்திட்டு நிஜமாவே யோசிச்சாரு.

"வராது"ன்னாரு. "உள்ளே இருக்கறவங்களுக்கு ரொம்ப அசதி. திரும்பி வர்ற வேலையை யாரு பாக்கறது?"

கப்பல் பத்திரமா வந்து இறங்கிட்டதா முதல் வரியிலயே போட்டிருக்கு. "எனக்கும் அப்படித்தாங்க தோணுது"ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.