சம்மனைத் தொடாத அஞ்சலை

ராயபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக நான் பார்த்த வேலையில் பாதி, சம்மனுக்குப் பயந்து ஒளிகிறவர்களைத் திட்டுவதுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நீங்களும் திட்டத்தான் போகிறீர்கள். அதற்கு முன் அஞ்சலை விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசி. ஒருநாள் காலையில் ஆபீஸைத் திறக்கும்போதே வாசலில் அழுகை. திருவொற்றியூர்க் குப்பத்து மீன்காரி அஞ்சலை. மஞ்சள் காமாலையில் புருஷன் போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகள்.

"நைனா, வூட்டக் காலி பண்ணுன்றான் என் கொழுந்தன். கோர்ட்டுல ஜெயிச்சிட்டானாம். அமீனாவோட வருவானாம்."

"கேஸ் போட்டானா? உனக்கு சம்மன் வரலையா?"

"வந்துச்சே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகவே சொன்னாள். "நான் தொடவே இல்லியே!"

எனக்குத் தலை சுற்றியது. நடந்தது இதுதான். சம்மனோடு அமீனா குப்பத்துக்குள் நுழைந்ததுமே வலை பின்னுகிறவர்கள் குரல் கொடுத்துவிடுவார்கள். அஞ்சலை பக்கத்து வீட்டுக்குள் ஓடிவிடுவாள். "அவ மீஞ்சூருக்கு மீன் விக்கப் பூட்டா" என்று குப்பமே ஒரே வாயாகச் சொல்லும். நடந்து நடந்து அலுத்த அமீனா, கடைசியில் காகிதத்தைக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார். அதையும் கை படாமல் துடைப்பக்கட்டையால் சுரண்டித் தள்ளியிருக்கிறாள் இந்த மகராசி! சந்தோஷத்தில் அன்று எல்லோருக்கும் டீ வேறு. கதவில் ஒட்டினாலே சம்மன் சேர்ந்த கணக்குதான்; கோர்ட்டில் ஆள் வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது.

"ஏம்மா, புத்தி கீதா உனக்கு? வூடு உன் புருஷன் பேர்ல கீது. அவன் போனா உனக்கும் பிள்ளைங்களுக்கும்தான். கொழுந்தனுக்கு அதுல ஒரு ஓடுகூடக் கெடையாது. போய் நின்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"கோச்சிக்காத நைனா. கரையில ஏலத்துல கூடையத் தொட்டாதானே வெலைக்கு ஒத்துக்கினதா அர்த்தம்? தொடலேன்னா ஒருத்தன் கேக்க முடியாது. கோர்ட்டு காய்தம் மட்டும் வேறயா?"

எங்கே கோளாறு என்று அப்போதுதான் புரிந்தது.

"சரி, நீ கரைக்கே போவல. ஏலம் நின்னுடுமா?"

"அது எப்டி நிக்கும்? வந்தவன் தூக்கிகினு பூடுவான்." சொன்னவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, வூட்டத் தூக்கிகினு பூட்டானா?"

அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி முப்பது நாளுக்குள் கேட்க வேண்டும்; தீர்ப்பாகி மாதம் முடியவில்லை என்பதுதான் அவள் அதிர்ஷ்டம். எங்கள் வக்கீல் அன்றே உட்கார்ந்து செட் அசைட் பெட்டிஷன் எழுதினார். விசாரணையன்று முன்சீப் அவளையே கேட்டார்.

"சம்மன் வந்தது தெரியுமா?"

"தெரியும் சாமி. தொடலங்க."

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். "பார்ட்டியே ஒத்துக்கொள்கிறார், யுவர் ஆனர்!" நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஏன் தொடவில்லை என்று முன்சீப் கேட்க, அவள் கூடை, ஏலம், வெலை என்று கரையையே கோர்ட்டுக்குள் கொண்டுவந்து கொட்டினாள். முன்சீப் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, எதிர்த்தரப்பின் செலவை அவளைக் கட்டச் சொல்லி, தீர்ப்பை ரத்து செய்து வழக்கை மறுபடி எடுத்தார். அதற்கப்புறம் ஒரு வாய்தாவைக்கூட அவள் தவறவிடவில்லை. வீடு அவளுக்கும் பிள்ளைகளுக்கும்தான் என்று தீர்ப்பானது.

அத்தோடு என் தொல்லை தீர்ந்ததா? எந்தக் காகிதத்தைக் கண்டாலும் வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வர ஆரம்பித்தாள். சர்க்கஸ் நோட்டீஸ், ஓட்டு நோட்டீஸ், அம்மை ஊசி நோட்டீஸ். ஒருநாள் நிஜமாகவே ஒரு சம்மன்.

"இது கன்னியம்மா பேருக்கு வந்ததாச்சே. உன் கையில எப்டி?"

"என் பக்கத்து வூட்டுக்காரிதான் நைனா, உள்ள ஒளிஞ்சிகினா, அறிவு கெட்டவ. நான்தான் கன்னியம்மான்னு ரேகை வச்சி வாங்கியாந்துட்டேன்!"

ஆகவே கட்சிக்காரர்களுக்கு இப்படிச் சொல்லுங்கள்: சம்மனை வாங்குவது ஒத்துக்கொள்வதாகாது. வாங்குங்கள், வாய்தாவுக்குப் போங்கள், உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் பேருக்கு வந்ததை மட்டும் வாங்குங்கள் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.